மூன்று தடவை வேண்டாம்

எழுதுவதற்கு எனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் ஒன்றும் இல்லை என்றுதான் சொல்வேன். கீழக்கரையில் பத்தாம் வகுப்பு வரை படித்தவன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் கடையில் சரக்குச் சீட்டும், ஆரம்ப காலத்தில் மனைவிக்குப் போட்ட சில கடிதங்களும்தான். பேச்சிலும் கெட்டிக்காரன் இல்லை. நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் என்னைத் தேட வேண்டுமானால், செருப்பு கழற்றிப் போடும் இடத்தில் தேடினால் போதும். வாயைத் திறக்காததால் நான் மாட்டிக்கொண்ட ஒரு கதையைத்தான் சொல்லப் போகிறேன். குறை இருந்தால் பெரிய மனதோடு பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த நீல மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. ஒரு காலத்தில் அதில் தயிர் இருந்திருக்க வேண்டும். பக்கத்தில் மாட்டுப் படம் பாதி அழிந்து, மாட்டுக்குக் கால் மட்டும் மிச்சம் இருந்தது. நியூஜெர்சியில் ஐசலின் பக்கம் ஒரு சீன அம்மாவின் வீட்டில், பேஸ்மென்ட் அறையில் நான் வாடகைக்கு இருந்தபோது, வாரத்துக்கு இரண்டு தடவையாவது அந்த டப்பா மாடிப்படியின் கடைசிப் படியில் வந்து உட்கார்ந்திருக்கும். நான் ஓக் ட்ரீ சாலையில் ஒரு இந்திய மளிகைக் கடையில் வேலை பார்த்தேன். எனக்கு கார் ஓட்டத் தெரியாது. கடைக்கு நடந்து போகும் தூரத்தில் கிடைத்த ஒரே அறை அது. மனைவியும் பிள்ளைகளும் அப்போது ஊரில் இருந்தார்கள்.

வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபது வயது இருக்கும். சீனாவின் வடக்குப் பக்கத்திலிருந்து வந்தவர். கணவர் காலமாகி நாலு வருஷம். ஒரே மகள் கலிபோர்னியாவில். எனக்கும் அவருக்கும் பொதுவான மொழி இங்கிலீஷ். இரண்டு பேருக்குமே அது பற்றாக்குறை. ஆனால் அந்த வீட்டு அடுப்படியைப் பார்த்தால் எனக்கு வேற்று ஊராகவே தெரியவில்லை. பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் ஒரு நாளும் பாத்திரம் கழுவியதில்லை. கையால் கழுவியதை அதில் கவிழ்த்து வைப்பார். கேக் சுடும் ‘ஓவன்’ அடுப்புக்குள் வாணலிகள். சிங்க்குக்குக் கீழே, நாலாக மடித்த பிளாஸ்டிக் பைகள். என் மனைவி வந்து பார்த்திருந்தால் நம் சொந்தக்காரர் வீடு என்றே சொல்லியிருப்பாள்.

குடி வந்த முதல் வாரத்திலேயே அவர் என்னைக் கேட்ட முதல் கேள்வி, "வெஜிடேரியன்?" என்பதுதான். எனக்கு முன்னால் அந்த அறையில் இருந்த மூன்று இந்தியர்களும் சைவமாம். எதைக் கொடுத்தாலும் கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். நான் உண்மையைத்தான் சொன்னேன். இல்லை என்றேன். அந்த அம்மாவின் முகத்தில் வந்த சந்தோஷத்தை, என் கல்யாணத்தன்று என் மாமனார் முகத்தில்கூட நான் பார்த்ததில்லை. "மீட், ஓகே?" என்று இன்னொரு தடவை கேட்டார். ஓகே என்றேன். எந்த மீட் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மறுநாளே டப்பாவோடு கீழே வந்துவிட்டார்.

திறந்து பார்த்தால் டம்ப்ளிங். நம் ஊரில் இப்போது மோமோ என்று விற்கிறார்களே, அதற்கு அக்கா மாதிரி. மெல்லிய மாவுக்குள் கறியும், பூண்டு வாசம் அடிக்கும் ஒரு கீரையும். என்ன கறி என்று கேட்டேன். "போர்க்! வெரி ஃப்ரெஷ்!" என்றார்.

அந்த நிமிடமே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவும் செய்தேன்; "நோ, நோ, தேங்க் யூ" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே டப்பாவை என் பக்கம் தள்ளினார். மறுபடி நோ என்றேன். மறுபடி தள்ளினார். மூன்றாவது தடவை நோ சொன்னபோது என் கையைப் பிடித்து டப்பாவை அதில் வைத்து அழுத்திவிட்டு மேலே போய்விட்டார். சீனர்களிடம் அது வழக்கமாம். கொடுத்தவுடனே வாங்கிக்கொள்கிறவன் நாகரிகம் தெரியாதவன், மூன்று தடவையாவது வேண்டாம் என்று சொல்ல வேண்டும், கொடுக்கிறவரும் விடக்கூடாது. இது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. ஆனால் எனக்கே புரிந்திருக்க வேண்டும். எங்கள் ஊர்க் கல்யாண வீட்டில் பெரிய தட்டைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்திருக்கும்போது, "போதும், போதும்" என்று கையால் தடுக்கிறவர் பக்கம்தான் பெரிய கறித்துண்டு விழும். வேண்டாம் என்பதை வேண்டாம் என்றே எடுத்துக்கொள்ளும் ஊரில் அவரும் பிறக்கவில்லை, நானும் பிறக்கவில்லை.

டப்பாவை இரண்டு பைக்குள் போட்டுக் கடைக்கு எடுத்துப் போனேன். கேஷ் கவுண்டரில் இருந்தவர் தூத்துக்குடிக்காரர், கத்தோலிக்கர்; நாங்கள் அண்ணாச்சி என்று கூப்பிடுவோம். விஷயத்தைச் சொன்னேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறந்தவர் கடைசி டம்ப்ளிங் வரைக்கும் தலையை நிமிர்த்தவில்லை.

"பாய், நீங்க ஒண்ணும் யோசிக்காதீங்க. டப்பாவ நானே கழுவித் தர்றேன். அந்தம்மா மனசு நோகப்படாது, பார்த்துக்கிடுங்க."

"நாளைக்கு எப்படி இருந்துச்சுன்னு கேட்டா என்ன சொல்றது அண்ணாச்சி?"

"நான் சொல்லுதேன், நீங்க போயி அப்படியே சொல்லுங்க. ஜோரா இருக்கு. ஒரு நுள்ளு மிளகு மட்டும் போட்டா இன்னும் ஜோரா இருக்கும்."

அப்படியே சொன்னேன். "வெரி குட். லிட்டில் பெப்பர்." யார் சாப்பிட்டது என்று நான் சொல்லவில்லை, அதனால் இது பொய் இல்லை என்று எனக்கு நானே தீர்ப்பும் எழுதிக்கொண்டேன். சும்மா டப்பாவைத் திருப்பிக் கொடுப்பது நம் வழக்கம் இல்லையே. கடையிலிருந்து முறுக்கு வாங்கிப் போட்டுக் கொடுத்தேன். காலி டப்பாவாக வைத்துக்கொள்வது அவருக்கும் வழக்கம் இல்லை. மூன்றாம் நாள் அது டம்ப்ளிங்கோடு திரும்பி வந்தது. இப்படியே பத்து மாதம் ஓடியது. என்னால் வெறும் டப்பாவைக் கொடுக்க முடியவில்லை, அவரால் வெறும் டப்பாவை வைத்திருக்க முடியவில்லை. நடுவில் அண்ணாச்சி பெல்ட்டில் இரண்டு ஓட்டை தள்ளிப் போட ஆரம்பித்திருந்தார். மிளகுக்குப் பிறகு இஞ்சி கொஞ்சம் கூட்டச் சொன்னார். பிறகு கீரையைக் குறைக்கச் சொன்னார். ஒவ்வொன்றையும் நான் தபால்காரன் மாதிரி மேலே கொண்டு போய்ச் சேர்த்தேன். அந்த அம்மா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொள்வார்.

போனில் மனைவியிடம் சொன்னபோது அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"என்னங்க, பன்னி தின்னா பாவம்னு தெரியுது. பொய் சொன்னா பாவம்னு தெரியலையா?"

"நான் எங்க பொய் சொன்னேன்?"

"வாயத் தொறக்காமலே பொய் சொல்ற ஆள இப்பத்தான் பாக்குறேன். போயி அந்தம்மாட்ட சொல்லுங்க."

"கோவிச்சுக்கிட்டு ரூமைக் காலி பண்ணச் சொல்லிட்டா?"

"நடந்து போங்க. ஒடம்புக்கு நல்லது."

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். அந்த நாளை வரவே இல்லை.

அவர்கள் புத்தாண்டு ஜனவரி கடைசியில் வந்தது. வெளியே முழங்கால் உயரத்துக்குப் பனி. புத்தாண்டுக்கு முந்தின நாள் குடும்பம் முழுவதும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். தூர ஊரில் இருக்கிறவர்கள் எப்படியாவது வந்து சேர வேண்டும். மகள் கலிபோர்னியாவிலிருந்து வந்திருந்தார். அன்று மாலை நாலு மணிக்கு அம்மா படியில் நின்று, "கம், கம், யூ ஃபேமிலி" என்று கூப்பிட்டார். சாப்பாட்டு மேஜை முழுவதும் மாவு. நடுவில் ஒரு பெரிய கிண்ணத்தில் பிசைந்த கறி. நான் நல்ல பிள்ளையாகக் குழவியை எடுத்துக்கொண்டு மாவு தேய்க்கும் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். பூரிக்குத் தேய்த்த கை அல்லவா, வட்டம் வட்டமாக வந்தது. மகள் தெளிவான இங்கிலீஷில் என்னைப் பாராட்டிவிட்டு, சாதாரணமாக ஒன்றைச் சொன்னார்.

"அங்கிள், உங்களுக்குத் தெரியுமா? இது எங்க பாட்டியோட பக்குவம். அம்மா யாருக்காகவும் மாத்தினதே இல்ல. அப்பா உப்பு பத்தலைன்னு சொன்னதுக்கு ஒரு வாரம் அவர்கூட பேசல. உங்களுக்காக மூணு தடவை மாத்தியிருக்காங்க. போன்ல சொந்தக்காரங்க எல்லார்கிட்டயும் உங்க நாக்கைப் பத்திதான் பேச்சு."

குழவி என் கையிலேயே நின்றுவிட்டது. அப்பா சொல்லியும் மாற்றாத பக்குவத்தை, அண்ணாச்சி நாக்கை நம்பி, என் பேரில் மாற்றியிருக்கிறார். அதே நேரத்தில் அம்மா பிசைந்த கறியில் ஒரு சின்ன உருண்டையைத் தட்டி அடுப்பில் பொரித்து, குச்சிகளால் எடுத்து, கீழே விழாமல் உள்ளங்கையை ஏந்திக்கொண்டு என்னை நோக்கி வந்தார். உப்பு பார்த்துச் சொல்ல வேண்டுமாம்.

"நோ, நோ" என்றேன். இன்னும் கிட்டே வந்தார். "நோ, ப்ளீஸ்" என்றேன். மகள் சிரித்தார். "வெட்கப்படாதீங்க அங்கிள், அம்மா விட மாட்டாங்க." மூன்றாவது நோ சொல்லி முடிப்பதற்குள் அந்தத் துண்டு என் மீசைக்கு அருகே ஆவி விட்டுக்கொண்டிருந்தது. இதில் ஒரு சிக்கல். சாப்பிட மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறக்க வேண்டும். திறந்தால் அவர் உள்ளே வைத்துவிடுவார். பத்து மாதம் மூடியிருந்த வாயை இனிமேல் திறக்கவும் முடியாத நிலைமை.

மாவுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். பொத்திக்கொண்டே சொன்னேன். "ஐ ஆம் முஸ்லிம். நோ போர்க். நெவர். சாரி."

மகள் சீன மொழியில் ஏதோ சொன்னார். அம்மா அந்தத் துண்டைத் தன் வாயில் போட்டு, மெதுவாக மென்று, விழுங்கினார். அடுப்பை அணைத்தார்.

"தென் ஹூ பெப்பர்?"

"மை ஃப்ரெண்ட்."

"ஜிஞ்சர்?"

"சேம் ஃப்ரெண்ட்."

"கால் ஹிம்" என்றார்.

போன் போட்டேன். "பாய், நான் ஷேவ்கூட பண்ணலயே" என்றார் அண்ணாச்சி. கால் மணி நேரத்தில் கார் வந்து நின்றது. மேஜையில் அவரை நடுவில் உட்கார வைத்து, அம்மா இரண்டு தட்டு வைத்தார். ஒன்றில் புதுப் பக்குவம். இன்னொன்று, கணவர் படத்துக்கு முன்னால் வைப்பதற்காகத் தனியாகச் செய்த பழைய பக்குவத்தில் மிச்சம். அண்ணாச்சி இரண்டிலும் ஒவ்வொன்று எடுத்துத் தின்றார். பிறகு பழையதையே இன்னும் நாலு தின்றார். கடைசியில் என் பக்கம் திரும்பி, "பாய், இதுல்லா டம்ப்ளிங்! அம்மாட்ட கேளுங்க, இவ்வளவு நல்லாயிருக்கதுல போயி மிளகைப் போடச் சொன்ன முட்டாப்பய எவன்?" என்றார்.

நான் அதை மொழிபெயர்க்கவில்லை. அம்மா என் முகத்தையும் காலியான தட்டையும் பார்த்தார். அவருக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. நோட்டைக் கொண்டு வந்து, மூன்று வரியைக் குறுக்கே அடித்தார்.

அதன் பிறகு சாப்பாடு முடியும் வரை அவர் என்னோடு பேசவில்லை. அவர் கோபம்கூட எனக்குப் புரிந்தது. என் மார்க்கத்தைப் பற்றி அவருக்கு ஒரு குறையும் இல்லை, பத்து மாதம் தன்னை ஒரு முறுக்குப் பொட்டலத்தோடு ஏமாற்றினான் என்பதுதான். அந்த வீட்டில் எல்லா வாணலியும் பன்றிக்கறி தொட்டது. எனக்கு வெறும் சோறு வைத்தார். பிறகு ஒரு ஆரஞ்சை எடுத்து, அதுவே தப்பு செய்தது போலத் தோலை உரித்து, சுளை சுளையாக என் முன்னால் வைத்தார். வேண்டாம் என்று ஒரு தடவைகூடச் சொல்லாமல் சாப்பிட்டேன். கிளம்பும்போது படியருகே நின்று, "ஐ டோல்ட் நோ. த்ரீ டைம்ஸ்" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.

"எவ்ரிபடி ஸே த்ரீ டைம்ஸ்!" என்று கத்திவிட்டுக் கதவைச் சாத்தினார். கீழே வந்து என் பெட்டி எந்த மூலையில் இருக்கிறது என்று ஒரு பார்வை பார்த்துக்கொண்டேன்.

இது நடந்து பல வருஷம் ஆகிறது. இப்போது நான் ஹூஸ்டனில், மனைவி பிள்ளைகளோடு இருக்கிறேன். பேச்சு இன்னும் பெரிதாக வந்துவிடவில்லை. யாராவது வேண்டாம் என்று சொன்னால் மட்டும், எத்தனையாவது வேண்டாம் என்று நின்று கேட்டுக்கொள்கிறேன்.

கதவைச் சாத்திய அந்த இரவுக்கு மறுநாள் காலை அந்த அம்மா மகளோடு எங்கள் கடைக்கு வந்து ஒரு புது வாணலி வாங்கினார். பக்கத்து ஹலால் கடையில் கொத்திய கோழிக்கறி வாங்கினார். மாலையில் ஒரு தட்டில் பன்னிரண்டு டம்ப்ளிங் கொண்டு வந்து வைத்து, எதிரில் உட்கார்ந்தார். ஒன்றைச் சாப்பிட்டேன். உப்பு பற்றவில்லை. சொன்னேன்.