அலகும் ஸ்க்ரூவும்

எங்க வூட்டுக்காரருக்குக் குரலுதான் சோறு போட்டுது. சித்தூரு மாங்கா மண்டியில ஏலம் கூவறவரு அவரு. குவியல் பக்கத்துல நின்னு தெலுங்குல ரேட்டைக் கூவினாருன்னா, ரோட்டுல போற லாரிக்காரன் திரும்பிப் பாப்பான். அப்பேர்ப்பட்ட மனுசன் பங்குனி மாசம் கங்காதர நெல்லூர்கிட்ட பைக்குல இருந்து விழுந்து, மேல்வரிசை முன்பல்லு நாலையும் ரோட்டுல விட்டுட்டு வந்தாரு. உசுரு தப்புச்சே முருகான்னு நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவரு கண்ணாடியைப் பாத்து அழுதுகினு இருந்தாரு.

மொதல்ல கழட்டி மாட்டற பல்செட்டு வாங்கினோம். சீசன் ஆரம்பிச்சதும் மண்டிக்குப் போனவரு கூவின வேகத்துல செட்டு தெறிச்சு மாங்கா குவியல்ல போய் விழுந்துச்சாம். "இதுக்கும் ஏலம் கூவுண்ணா"ன்னு எவனோ கத்தியிருக்கான். கட்டையில போறவன். மண்டியே சிரிச்சுது. அன்னைக்கு வந்து படுத்தவரு அந்த சீசன் முடியற வரைக்கும் மண்டிப் பக்கமே போகல. முதலாளி நல்ல மனுசன். "இந்த வருசம் வேற ஆளை வெச்சு ஓட்டிக்கறேன். அடுத்த சீசனுக்குப் பல்லைக் கட்டிக்கினு வந்துடு, அதுக்கு மேல என்னால தாங்க முடியாது"ன்னு சொல்லி அனுப்பினாரு.

அதுக்காகத்தான் திருப்பதியில ஒரு பல் டாக்டர்கிட்ட போனோம். தாடை எலும்புல ரெண்டு ஸ்க்ரூ எறக்கி, அது மேல நாலு பல்லையும் நிக்க வெச்சா எவ்ளோ கத்தினாலும் அசையாதுன்னாரு. வைகாசியில ஸ்க்ரூ மட்டும் எறக்கினாரு. "எலும்பு வளந்து ஸ்க்ரூவைக் கவ்விக்கணும்மா. அதுக்கு மாசக்கணக்குல ஆகும். அதுவரைக்கும் அந்த எடத்துல எதுவும் அழுத்தக் கூடாது"ன்னு என்கிட்ட திரும்பத் திரும்ப சொன்னாரு. கேவுரு கூழும் கொழைஞ்ச சோறுமா ஊத்தினேன். ஒரு துண்டு கறி துன்னணும்னு கெஞ்சுவாரு. ம்ஹூம், கொடுக்கல.

ஆடி பொறந்துச்சு. கிருத்திகைக்கு வருசா வருசம் திருத்தணிக்குக் காவடி எடுத்து, ரெண்டு கன்னத்தையும் தொளைச்சு அலகு குத்திக்கினு மலையேறுவாரு. கல்யாணத்துக்கு முன்னாலேயிருந்தே அப்படித்தான்.

"மாமா, இந்த வருசம் காவடி மட்டும் எடு. அலகு வாணாம்."

"ஏமே, வேண்டுதலே இந்தப் பல்லுக்குத்தான். பல்லைக் குடுன்னு கேட்டுட்டு அலகை நிறுத்தினா அவன் குடுப்பானா? அலகு குத்தறது கன்னத்துல, ஸ்க்ரூ இருக்கறது ஈறுல. அதுக்கும் இதுக்கும் என்னா?"

நானும் அதே முருகனைத்தானே கும்பிடறேன்? நிறுத்தி, அதனாலேயே பல்லு நிக்காம போச்சுன்னா அந்தப் பழியை நான் எங்க போய்த் தொலைக்கறது? டாக்டருக்கு ஒரு போன் போட்டுக் கேக்கலாம்னு ரெண்டு பேருக்கும் தோணவே இல்ல. சாமி காரியத்தை டாக்டர்கிட்ட கேக்கற பழக்கம் எங்க ஜனத்துல கிடையாது.

அடிவாரத்துல அலகு குத்தினாங்க. அப்புறந்தான் எனக்கு உறைச்சுது. வருசா வருசம் அந்தக் கம்பியை முன்பல்லால கடிச்சுப் புடிச்சுக்குவாரு. இப்ப பல்லு ஏது? கம்பி நேரா ஈறு மேல, ஸ்க்ரூ எறக்கின எடத்துலயே உக்காந்துச்சு. பம்பைச் சத்தத்துக்கு ஆடிக்கினே படியேறினாரு. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கம்பி அங்க இடிச்சுது. அலகு குத்தி அவருக்கு ரத்தம் வந்து நான் பாத்ததே இல்ல. அன்னைக்குக் கடைவாயில கோடா எறங்குச்சு. சுத்தி எல்லாரும் அரோகரா சொல்லிக்கினு இருந்தாங்க. நான் முந்தானையால தொடைச்சுக்கினே கூட ஏறினேன்.

வூட்டுக்கு வந்து திருநீறை அப்பிக்கினாரு. மூஞ்சி ஒரு பக்கமா வீங்குச்சு. ஈறுல சீழ் கட்டுச்சு. "ஆறிடும்"னாரு, ஆறவே இல்ல. ஆவணியில இழுத்துக்கினு திருப்பதிக்குப் போனேன். டாக்டர் படம் புடிச்சுப் பாத்தாரு, கன்னத்துத் தழும்பையும் பாத்தாரு. அவரு கேக்க, நான்தான் எல்லாத்தையும் சொன்னேன். டாக்டர் திட்டல. "ரெண்டுமே ஆடுதும்மா. எடுத்துத்தான் ஆகணும். எலும்பு கரைஞ்சிருக்கு. ஆறவிட்டு, எலும்புத்தூள் வெச்சு, மறுபடியும் மொதல்லேர்ந்து வரணும்"னாரு. அடுத்த சீசனுக்குள்ள ஆகுமான்னு கேட்டேன். ஆகாதுன்னு தலையை ஆட்டிட்டாரு.

திரும்பி வர்ற பஸ்ல எனக்கு நெஞ்சு எரிஞ்சுது. இந்த மனுசன் மேல கோவப்படறதா, அந்த முருகன் மேல கோவப்படறதா? ரெண்டு பேர் மேலயும் கோவம், ரெண்டு பேரையும் வுட்டா எனக்கு வேற நாதியும் இல்ல.

அப்ப போன் அடிச்சுது. மண்டி முதலாளி. ஸ்க்ரூ ரெண்டையும் அன்னைக்கே எடுத்துட்டதால எங்க வூட்டுக்காரரு வாய் நிறைய பஞ்சு. போனை என் கையில குடுத்தாரு.

"என்னம்மா சொன்னாரு டாக்டர்? சீசனுக்கு வந்துடுவாரில்ல? இல்லன்னா இப்பவே சொல்லிடு, வேற ஒருத்தன் நிரந்தரமா வரேன்னு நிக்கறான்."

இவரு என் முழங்கையைப் புடிச்சுக்கினு, வரேன்னு சொல்லு, வரேன்னு சொல்லுன்னு தலையை ஆட்டி ஆட்டிக் காட்டினாரு. கண்ணு ரெண்டும் தளும்பிக்கினு நிக்குது.

"அவனையே வெச்சுக்கோங்கண்ணா"ன்னு சொன்னேன்.

என் கையை வுட்டுட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கினாரு. இத்தனை வருசத்துல அவருக்குப் பதிலா நான் முடிவு சொன்னது அதுதான் மொத தடவை.