பொன்னாடைக்கு ஒளித்துத் திரிந்தவர்

விருது விழாக்களில் மைக் பிடிப்பது என் வேலை. சம்பளமில்லாத வேலைதான். குறிஞ்சாக்கேணியில் எங்கள் உதைபந்தாட்டக் கழகம் ஒவ்வொரு வருடமும் கச்சான் காற்று அடிக்கிற மாதத்தில் ஒரு விழா வைக்கும். சிறந்த வீரருக்கு ஒரு கேடயம், கூடுதலாகக் கோல் அடித்தவருக்கு ஒரு கேடயம், வந்த எல்லோருக்கும் ஒரு சோற்றுப் பார்சல், கடைசியாக விடாமுயற்சி விருது. பிரதம அதிதி எப்போதும் பிந்தித்தான் வருவார். வந்து இருந்ததும் அவசரமாகப் போக வேண்டும் என்பார். அவர் வரும் வரைக்கும் சனத்தைக் கலையவிடாமல் கதைத்துக்கொண்டு நிற்பவன் நான். ஆகவே விருதுகள் மேல் எனக்குப் பெரிய பக்தி ஏதும் கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த விடாமுயற்சி விருதுக்குப் பயந்து வருடக்கணக்காக ஒளித்துத் திரிந்த ஒரு மனிதரை எனக்குத் தெரியும். முனீப் நானா.

முனீப் நானா பேக்கரிப் பாண் விற்கிறவர். விடிந்ததும் பாட்டைப் போட்டுக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாக வருகிற பாண் ஓட்டோ அவருடையது. பின்னேரச் சுற்று முடிந்ததும் ஓட்டோவை மைதானத்து வேப்பமரத்தடியில் விட்டுவிட்டுக் கையுறையை மாட்டுவார். கோல் காப்பாளர். சரியாகச் சொன்னால், இரண்டாவது கோல் காப்பாளர். முதலாவது ஆளாக இன்ஷாப் இருந்தான். அவனுக்குக் காய்ச்சல் வராது, கால் சுளுக்காது, போட்டி நாளில் உறவினர் வீட்டில் கலியாணமும் வராது. அப்படி ஒரு உடம்பு. அவன் கோலுக்குள் நிற்க, முனீப் நானா கோட்டுக்கு வெளியே மாற்று வீரர்களின் வாங்கில் உட்கார்ந்திருப்பார். இன்ஷாப் கட்டாருக்குப் போனபோது இனி நானாவின் காலம் என்று எல்லோரும் சொன்னோம். அந்த நேரம் பார்த்துக் கொரோனா வந்தது. மைதானத்தில் புல் முளைத்தது. திரும்பவும் போட்டிகள் தொடங்கியபோது கிளிவெட்டியிலிருந்து யதுர்ஷன் வந்து சேர்ந்தான். சீனன்குடாவில் வேலை, இருபத்திரண்டு வயது, நெட்டையன். அவன் பந்துக்குப் பாய்கிறதைப் பார்த்த முதல் நாளே முனீப் நானா என் பக்கத்தில் வந்து நின்று, "நல்ல பொடியன். கழகத்துக்குக் கிடைச்சது பாக்கியம்," என்றார். சொல்லிவிட்டுப் போய் வாங்கில் இருந்தார்.

பயிற்சிக்கு ஒரு நாள் தவற மாட்டார். மழை நாளில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் வந்தாலும் அதில் ஒருவர் அவராக இருப்பார். என்னை அடிக்கச் சொல்லிப் பந்துகளைப் பிடிப்பார். நான் அடிக்கிற பந்து ஒரு பந்தா? ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் முழு உடம்பையும் எறிந்து விழுவார்.

அவருக்கு ஒரேயொரு ஆசை இருந்தது. கேடயம் இல்லை, பேப்பரில் படம் இல்லை. அவருடைய மனைவி ஷாமிலா ஒரு தடவை, ஒரேயொரு தடவை, அவர் கோலுக்குள் நிற்பதைப் பார்க்க வேண்டும். ஷாமிலா உதைபந்து தெரியாதவள் இல்லை. மூதூரில் அவளுடைய காக்காமார், அண்ணன்மார் எல்லோரும் விளையாடினவர்கள். கலியாணம் பேசும்போது மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று கேட்டதற்கு, பாண் விற்கிறார், கோலுக்கு நிற்கிறார் என்று சொல்லித்தான் பேசினார்களாம். அந்த இரண்டாவது பாதி இவ்வளவு காலமாகப் பொய்யாகவே இருந்தது. பயிற்சிக்குப் போடுகிற சேட்டு மண்ணும் சேறுமாய் வரும். போட்டிக்குப் போடுகிற ஜேசி மட்டும் போனபடியே திரும்பி வரும். அவள் ஒன்றும் கேட்க மாட்டாள், அதையும் சேர்த்துத் தோய்த்துப் போடுவாள். இதை நானா என்னிடம் சொன்னபோது சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கேட்ட எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சரி, விருதுக்கு ஏன் ஒளித்தார்? எங்கள் கழகத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. யாரும் எழுதி வைத்ததில்லை. விடாமுயற்சி விருது கொடுத்துப் பொன்னாடை போர்த்திவிட்டால், அதோடு அந்த ஆள் முடிந்தார். அவரை 'சிரேஷ்ட ஆலோசகர்' என்பார்கள். கூட்டத்தில் முன் வரிசைக் கதிரை கொடுப்பார்கள். விளையாட யாரும் கூப்பிட மாட்டார்கள். இடது பக்கத்தில் பறந்து பறந்து விளையாடிய கலீலுர் றஹ்மானுக்கு அப்படித்தான் நடந்தது. வெள்ளிக்கிழமை பொன்னாடை. அடுத்த ஞாயிறு சப்பாத்தோடு வந்தவரிடம் தேத்தண்ணிக் கோப்பையைக் கொடுத்து, நீங்கள் இருங்கள் என்றார்கள். அதை முனீப் நானா வாங்கில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு விழா நெருங்கினால் மனிதர் காணாமல் போவார். ஒரு வருடம் புத்தளத்தில் யாரோ மௌத், அடக்கத்துக்குப் போகிறேன் என்றார். இன்னொரு வருடம் கன்னத்துக்குள் பஞ்சை அடைத்துக்கொண்டு பல் பிடுங்கியதாகக் கையால் சைகை காட்டினார். பஞ்சு இடப்பக்கமும் வலப்பக்கமும் மாறி மாறி இருந்ததை நான் கண்டுபிடித்தேன், சொல்லிக் கொடுக்கவில்லை.

இந்த வருடம் தலைவர் ஜவாஹிர் மாஸ்டர் வேறு வழி பார்த்தார். நல்ல மனிதர், கெட்ட எண்ணம் துளியும் இல்லை. நல்லது செய்தே ஆளைக் கொல்கிற வகை. விழா அன்று பின்னேரம் மூதூர் அணியோடு சிநேகபூர்வப் போட்டி வைத்திருந்தோம். மாஸ்டர் பாண் ஓட்டோவை மறித்து நிறுத்தி, "முனீப், இந்த முறை நீங்கதான் கோலுக்கு. குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு வாங்க," என்றிருக்கிறார்.

அன்று முனீப் நானா வந்த வரவை நான் மறக்க மாட்டேன். ஓட்டோவில் பாண் தட்டுகளைக் கழற்றிவிட்டு, ஷாமிலாவையும் மகள் நஸ்ரினையும் இருத்திக்கொண்டு வந்தார். பழைய கையுறையைக் கழுவிக் காயவைத்திருந்தார். பெண்கள் இருக்கிற கொட்டகையில் முதல் வரிசையில் அவர்களுக்கு இடம் பிடித்துக் கொடுத்தார். பிறகு ஓடிப் போய்க் கோல் கம்பத்தை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார்.

நிகழ்ச்சி நிரல் என் கைக்கு வந்தபோதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. போட்டிக்கு முன்னரே விருது. விடாமுயற்சி, முனீப். கோலுக்கு, யதுர்ஷன்.

"மாஸ்டர், இது சரியில்ல. அந்த மனிசன் விளையாட எண்டு வந்திருக்கார்," என்றேன்.

"நிப்றாஸ், குடும்பத்துக்கு முன்னால ஒரு கௌரவம் கிடைக்கிறது எவ்வளவு பெரிய விஷயம்! கூப்பிடுங்க, அதிதிக்கு நேரமில்ல."

கூப்பிட்டேன். வேறு என்ன செய்ய? பெயரைக் கேட்டதும் நானா சுற்றிப் பார்த்தார். ஓட வழியில்லை. கொட்டகையில் ஷாமிலா எழும்பி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மேடைக்கு வந்தார். ஜேசிக்கு மேல் பொன்னாடையைப் போர்த்தினார்கள். கையுறையோடு கேடயத்தை வாங்கினார். மாஸ்டர் மைக்கை என்னிடமிருந்து வாங்கி அவர் வாய்க்கு நேரே பிடித்தார்.

"இதில விடாமுயற்சி எண்டு எழுதியிருக்கு," என்றார் முனீப் நானா. குரல் மெதுவாகத்தான் வந்தது. "நான் முயற்சி செஞ்சது இதுக்கில்ல. அந்தக் கம்பங்களுக்கு நடுவில நிக்கிறதுக்கு."

கைதட்டல் மைதானத்தை அடைத்தது. என்ன பணிவு, என்ன பேச்சு என்று பிரதம அதிதி அவரைக் கட்டிப் பிடித்தார். வாய்விட்டுக் கேட்ட மனிதருக்குக் கைதட்டிவிட்டு அனுப்பிய கூட்டம் நாங்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை, ஆனால் அடுத்த பெயரை வாசித்தேன்.

போட்டி தொடங்கியது. நானாவை முன் வரிசைக் கதிரையில் இருத்தினார்கள். கையுறையை அவர் கழற்றவில்லை. மூதூர்க்காரன் அடிக்கிற ஒவ்வொரு பந்துக்கும் பொன்னாடைக்குள் அவருடைய தோள் அந்தப் பக்கம் சரிந்தது. பக்கத்தில் இருந்தவர் ஏதோ கேட்க, அதற்கும் பந்தைப் பார்த்தபடியே தலையாட்டினார்.

கொஞ்ச நேரத்தில் நஸ்ரின் ஓடி வந்தாள். "வாப்பா, உம்மா கேக்கிறா, நீங்க எப்ப இறங்குவீங்கெண்டு."

"போய் இரு மகள், வாறன்," என்றார்.

இடைவேளையில் யதுர்ஷன் நொண்டிக்கொண்டு கதிரை வரிசைக்கு வந்தான். "நானா, எனக்குக் கால் பிடிச்சிட்டுது. ஏலாது. நீங்கள் இறங்குங்கோ."

முனீப் நானா கதிரையின் கைகளைப் பிடித்துக்கொண்டு பாதி எழும்பிவிட்டார். அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். பிறகு அவன் காலைப் பார்த்தார்.

"எந்தக் கால்?"

பொடியன் யோசித்தான். யோசிக்க வேண்டி வந்ததிலேயே அகப்பட்டுவிட்டான். நானா சிரித்தார், திரும்பவும் இருந்தார்.

"இப்பிடி வேணாம் தம்பி. நீ விட்டுத் தந்து நான் நிண்டா, அது நான் நிண்டதா இருக்காது. போ, போய் நல்லா நில்."

"ஒருக்கால் மட்டும், நானா."

"போ."

இவ்வளவு காலம் காத்திருந்த கதவு திறந்தபோது அதைத் தன் கையாலேயே சாத்திய மனிதரை என்ன சொல்வது? பைத்தியம் என்று மனதுக்குள் திட்டினேன். அவர் இடத்தில் நானாக இருந்தால் எந்தக் கால் என்று கேட்டிருக்கவே மாட்டேன்.

இரண்டாம் பாதி தொடங்கியதும் அவர் எழும்பினார். பொன்னாடையை மடித்துக் கதிரையில் வைத்தார், அதன் மேல் கேடயத்தை வைத்தார். மைதானத்தைச் சுற்றி நடந்து போய் யதுர்ஷனின் கோலுக்குப் பின்னால், கோட்டுக்கு வெளியே, இரண்டு கம்பங்களுக்கும் சரி நடுவில் நின்றார். எங்கள் கோலுக்கு வலை கிடையாது. அங்கே யாராவது நின்றால்தான் பந்து பின்னால் இருக்கிற களப்புத் தண்ணீருக்குள் போகாமல் தடுக்கலாம்.

"பொன்னாடை போட்ட ஆள் பந்து பொறுக்கப் போறாரே!" மாஸ்டர் பதறினார். "நிப்றாஸ், மைக்கில கூப்பிடுங்க!"

நான் மைக்கை அணைத்துவிட்டு, பற்றரி போய்விட்டது என்றேன்.

அவர் பந்து பொறுக்கப் போகவில்லை. முழங்காலை மடித்து, கைகளை விரித்து, யதுர்ஷன் வலப்பக்கம் அசைந்தால் தானும் அசைந்து, அவன் முன்னுக்கு வந்தால் தானும் ஒரு அடி வந்து, போட்டி முழுவதையும் அங்கே நின்று விளையாடினார். முதலில் சிலர் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. கொட்டகையில் ஷாமிலா மட்டும் சனத்துக்கு நடுவே எழும்பி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடிவதற்குக் கிட்டத்தில் மூதூர்க்காரன் ஒருவன் தூரத்திலிருந்து ஓங்கி அடித்தான். காற்று தூக்கிவிட்டது. யதுர்ஷன் பாய்ந்தும் எட்டவில்லை. மேல் கம்பத்துக்கு ஒரு முழம் மேலால் போன பந்து இடப்பக்கமாகத் தாழ்ந்தது. பின்னால் நின்ற முனீப் நானா பறந்தார். வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. நாற்பது வயது தாண்டிய அந்த உடம்பு தரையோடு படுக்கையாகக் காற்றில் போய், இரண்டு கையாலும் பந்தைப் பிடித்து, நெஞ்சோடு அணைத்து, மணலில் விழுந்து உருண்டது.

நடுவர் விசில் ஊதினார். பந்து வெளியே. அவ்வளவுதான் கணக்கு. நானா எழும்பிப் பந்தை யதுர்ஷனிடம் எறிந்தார், ஆட்டம் தொடர்ந்தது.

போட்டி முடிந்து சனம் சோற்றுப் பார்சலுக்கு முண்டியடித்தது. ஷாமிலா கொட்டகையை விட்டு இறங்கி, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு, வெறும் மைதானத்தைக் குறுக்கே நடந்து கோலடிக்கு வந்தாள். நான் அங்கே ஒலிபெருக்கி வயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். அவர்கள் என்னைக் கவனிக்கவில்லை.

"அது கணக்கில வராதெண்டு எனக்குத் தெரியும்," என்றாள் ஷாமிலா.

நானா கையுறையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆனா நான் பாத்திட்டன்."

"வடிவாப் பாத்தியா?"

"ஓம். முழுக்கப் பாத்தன்."

அவர் தலையாட்டினார். பிறகு யதுர்ஷன் நின்ற இடத்தைக் கையால் காட்டி, சின்னப் பிள்ளை போலச் சொன்னார்:

"அங்க முன்னுக்கு நிண்டா, நான் இதை விட நல்லாப் பிடிப்பன்."