நாலு மூட்டை உளுந்து

மாதத்தின் முதல் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு சத்யபாமா தன் முன்னாள் கணவரின் கடைக்குப் போவார். ஆள் அனுப்பியதில்லை. பர்மிய மழைக்காலத்தில் பபேடான் தெருக்களில் முழங்கால் தண்ணீர் நின்றாலும் குடையைப் பிடித்துக்கொண்டு அவரே போவார். பயின்னாங் மொத்தச் சந்தையிலிருந்து அன்றைய பருப்பு விலை போனில் வந்து சேரும் நேரம் அது.

கல்லாவில் செல்லக்கண்ணு உட்கார்ந்திருப்பார். இருவரும் வணக்கம் சொல்லிக்கொள்வதில்லை. சத்யபாமா சுவரில் தொங்கும் குத்தூசியை எடுத்து, தனக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும் நாலு மூட்டைகளிலும் குத்துவார். உள்ளங்கையில் விழும் உளுந்தை வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பழைய சரக்கு, கல், பூச்சி எதுவும் இல்லையென்றால் தலையை ஒருமுறை அசைப்பார். எதிர்க்கடை மாஹிர் அன்றைய விலைக்கு அந்த மூட்டைகளை எடுத்துக்கொண்டு கையில் பணம் கொடுப்பார். அதுதான் அவருடைய ஜீவனாம்சம்.

ஏழு வருடமாக இப்படித்தான் நடக்கிறது. இந்த ஆனி மாதம் அது நின்றுவிடும் போலிருந்தது.

சத்யபாமா பிறந்தது ஆற்றுக்கு அக்கரையில், டாலாவில். அப்பா துறைமுகத்தில் சுமை தூக்கினார். எட்டாவதோடு படிப்பு நின்றது. இருபத்திரண்டு வயதில் செல்லக்கண்ணுவைக் கட்டிக்கொண்டு பபேடானுக்கு வந்தார். அப்போது கடை என்பது ஒரு தராசும் ஆறு கோணியும்தான். இருபத்து மூன்று வருடம் அந்தக் கடையின் பின்கட்டில் உளுந்து புடைத்தார், துவரை பிரித்தார், போனை எடுத்தார், விலையைச் சிலேட்டில் எழுதினார். சம்பளம் என்று ஒருவரும் தரவில்லை, அவரும் கேட்கவில்லை. சொந்தக் கடையில் யார் சம்பளம் கேட்பார்கள்?

பிறகு மாண்டலேயில் செல்லக்கண்ணுவுக்கு இன்னொரு குடும்பம் இருப்பது தெரிந்தது. சத்யபாமா அழுதார்தான். மூன்றாம் நாள் கோயில் கமிட்டிக்குப் போய்ப் பிரித்துவிடச் சொல்லிக் கேட்டார்.

அது 2017ஆம் வருடக் கடைசி. மகள் தமிழ்மணிக்கு அப்போது பதினேழு வயது. அவள் படிப்பு முடியும்வரை ஆகும் செலவு ஒரு கணக்கு, மனைவிக்கு மாதாமாதம் கொடுக்க வேண்டியது தனிக் கணக்கு என்று கமிட்டித் தலைவர் அய்யாசாமி பிரித்தார். இருபத்து மூன்று வருடம் உழைத்தவர், கையில் வேறு தொழில் இல்லாதவர், அதனால் மூன்று மாதம் ஆறு மாதமென்று முடித்துவிட முடியாது. மறுமணம் செய்துகொள்ளும்வரை, இல்லையென்றால் ஆயுள் முழுக்க. செல்லக்கண்ணு மாதம் ஒன்றரை லட்சம் ஜாட் தருவதாகச் சொன்னார். வக்கீலம்மா டோ ஏ ஏ ம்யா எழுதப் பேனாவைத் திறந்தார்.

"காசு வேணாம் சயாமா. உளுந்து எழுதுங்க. மாசம் நாலு மூட்டை, முதல் தரம்" என்றார் சத்யபாமா.

அறையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்த வருடம்தான் இந்தியா இறக்குமதிக்குக் கட்டுப்பாடு போட்டு, உளுந்து விலை பாதாளத்தில் கிடந்தது. நாலு மூட்டை விற்றால் ஒரு லட்சம் தேறுவதே பெரிய பாடு.

"பாமா, யோசிச்சுப் பேசு. கோவத்துல கைக்காசைத் தொலைக்காத" என்றார் அய்யாசாமி.

செல்லக்கண்ணுவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அண்ணே, அது கேக்குறதையே எழுதுங்க. அப்புறம் நான் ஏமாத்திட்டேன்னு பேச்சு வரக்கூடாது." மனசு மாறிவிடப் போகிறாளே என்று அவசரமாகக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த மூன்று வருடமும் கஷ்டம்தான். மூட்டைகள் விற்ற காசில் வாடகை போக மிஞ்சுவது கொஞ்சம். ஆறாவது மாடியில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் ஒற்றை அறை. இரண்டு தரகர்களுக்கு உளுந்து பிரித்துக் கொடுத்துச் சமாளித்தார். விலை இன்னும் இறங்கிய மாதம் ஒன்றில் மாஹிர், "அக்கா, பேசாம கமிட்டில சொல்லி மாத்திக்குங்களேன்" என்றார். "நானா கேட்டு வாங்குனதுப்பா" என்று சொல்லிவிட்டுப் படியேறினார் சத்யபாமா.

அப்புறம் காற்று மாறியது. இந்தியா மறுபடி வாங்க ஆரம்பித்தது. ஜாட் விழுந்தது, விழுந்துகொண்டே இருந்தது. டாலரோடு சேர்ந்து உளுந்து ஏறியது. செல்லக்கண்ணு அன்று சொன்ன ஒன்றரை லட்சத்துக்கு இன்று ஒரு மூட்டை நல்ல பவ்சான் அரிசி வாங்குவதே சந்தேகம். நாலு மூட்டை உளுந்து ஏழு லட்சத்தைத் தாண்டிவிட்டது.

தமிழ்மணி பட்டம் வாங்கினாள். அவர்கள் குடும்பத்தில் முதல் பட்டம். லைங் தாயாவில் ஒரு துணி ஆலையின் ஆபீசில் வேலை, காலையில் ஆலையின் ஃபெர்ரி பஸ் வந்து ஏற்றிக்கொள்ளும். அவள் சம்பளத்தைவிட அம்மாவின் உளுந்து அதிகம். அந்தச் சமயத்தில்தான் செல்லக்கண்ணு கமிட்டிக்குப் போய், நிலைமை மாறிவிட்டது, பத்திரத்தை மாற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். பெரிய மாற்றம் வந்தால் மறுபடி பேசலாம் என்று பத்திரத்திலேயே இருந்தது.

கமிட்டி கூடுவதற்கு முந்தின நாள் மாலை தமிழ்மணி கேட்டாள், "அம்மே, நான்தான் சம்பாதிக்கிறேனே. இன்னும் எதுக்கு அவர் கடை வாசல்ல போய் நிக்கணும்? எனக்கு ஒரு மாதிரி இருக்கு."

"நீ குடுக்குறது பொண்ணு அம்மாவுக்குக் குடுக்குறது. சந்தோஷமா வாங்கிக்குவேன். அவர் குடுக்குறது நான் வேலை செஞ்சதுக்கு. ரெண்டையும் ஒரே பையில போடாத."

மகளிடம் அழுத்தமாகச் சொல்லிவிட்டாலும் சத்யபாமாவுக்கு உள்ளே ஒரு குடைச்சல் இருந்தது. செல்லக்கண்ணுவுக்குப் போன வருடம் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் படுத்தார். உண்மையிலேயே நொடித்துப் போயிருந்தால்? நொடித்தவரிடம் நாலு மூட்டை வாங்குவது நியாயமா? பத்திரத்தோடு, வக்கீல் சொல்லச் சொல்ல மகள் தமிழில் எழுதி வைத்திருந்த தாளை எடுத்து இரண்டு முறை படித்தார். அதில் விடை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை. கோயில் பின்னறையில் கரண்ட் இல்லை, ஆளுக்கொரு விசிறி. செல்லக்கண்ணு எழுந்தார்.

"அண்ணே, என் கடைக் கணக்குப்பிள்ளைக்கே நான் இவ்வளவு தர்றதில்ல. பொண்ணும் படிச்சு வேலைக்குப் போயிருச்சு. இன்னும் எத்தனை நாளைக்கு? ஒன்றரை லட்சம்னு மாத்திக் குடுங்க. இல்லாட்டி மொத்தமா ஒரு தொகை தர்றேன், முடிச்சு விடுங்க."

"பாமா, நீ என்ன சொல்ற?" என்றார் அய்யாசாமி.

சத்யபாமா எழுந்திருக்கவில்லை. "நான் அவர்கிட்டதான் கேக்கணும். தமிழ்மணி அப்பா, கோயில்ல வச்சுக் கேக்குறேன். குடோன்ல இப்ப எத்தனை மூட்டை உளுந்து இருக்கு?"

செல்லக்கண்ணு விசிறியை மடியில் வைத்தார். "அது எதுக்கு இப்ப?"

"சொல்லுங்க. குறைஞ்சு போயிருந்தா நானும் குறைச்சுக்கிறேன். சத்தியமா."

செல்லக்கண்ணு பொய் சொல்லக்கூடியவர்தான்; ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் அம்மன் இருந்தாள், இந்தப் பக்கம் மாதாமாதம் குத்தூசி பிடித்த கை இருந்தது. "எண்ணூறு இருக்கும்" என்றார், தரையைப் பார்த்து.

"நான் பிரிஞ்சு வந்தப்ப?"

"...இருநூறு."

"அண்ணே," சத்யபாமா தலைவர் பக்கம் திரும்பினார், "உளுந்து ஏறினா அவர் எண்ணூறு மூட்டையும் ஏறுது, என் நாலும் ஏறுது. இறங்குனா ரெண்டு பேருக்கும் இறங்குது. மூணு வருஷம் இறங்கிக் கிடந்தப்ப நான் இந்த வாசப்படி ஏறலை. அவர் ஆஸ்பத்திரில இருந்தா மூட்டை ரெண்டு மாசம் கழிச்சு வரட்டும், காத்திருக்கேன், அதை எழுதிக்குங்க. நாலை மூணாக்க ஒத்துக்க மாட்டேன்."

அய்யாசாமி பக்கத்திலிருந்தவர்களைப் பார்த்தார். அவர்கள் தலையசைத்தார்கள். "செல்லக்கண்ணு, பத்திரம் அப்படியே இருக்கட்டும். நோய்க்கு மட்டும் தவணை. என்ன சொல்ற?"

"என்னத்தச் சொல்ல? அன்னிக்குச் சிரிச்சது நான்தானே!"

அறையில் சிரிப்பு வெடித்தது. தமிழ்மணியும் சிரித்தாள். அம்மா அதே இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தாள்.

வெளியே செருப்பு மாட்டும்போது செல்லக்கண்ணு தயங்கி நின்றார். ஏழு வருடத்தில் முதல்முறையாக அவரே சத்யபாமாவிடம் பேச்செடுத்தார்.

"பாமா, எண்ணூறையும் இப்பவே வித்துத் தள்ளிரட்டுமா? இல்ல, தீபாவளி வரைக்கும் வச்சிருக்கலாமா?"

சத்யபாமா குடையை விரித்தார். "அது பத்திரத்துல இல்லீங்க. அதுக்குத் தனியா ஒரு மூட்டை ஆகும்."