இரண்டு படிக்கட்டு வீடும் சிக்னல் அக்காவும்

பெரியப்பாவின் இரண்டாவது மகள். அரசு மருத்துவமனையின் பழைய கட்டடத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பிறந்தவர். உயரம் ஐந்தடி ஓர் அங்குலம். பள்ளிப்படிப்புக்குப் பின் துணிக்கடையில் மூன்று ஆண்டுகள், ஒரு பயண முகவரிடம் தட்டச்சராக ஐந்து ஆண்டுகள். இருபத்தொன்பதாம் வயதில் தேர்வெழுதி நகர வழிகாட்டி உரிமம் பெற்றார். கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர், எங்களுக்கு அத்தான். ஒரே மகள். காலணி அளவு ஐந்து. ஆண்டுக்கு மூன்று ஜோடி தேயும்.

குடும்பப் பதிவேட்டில் அக்காவின் பக்கத்தில் முதலில் இவ்வளவுதான் இருந்தது. மேற்கொண்டு வருவன அக்கா, அத்தான், அக்காவோடு இருபது ஆண்டுகள் வேன் ஓட்டிய ஓட்டுநர் ஆகிய மூவரும் தனித்தனியே சொன்னவை. மூவர் சொல்லும் ஒத்துப்போகாத இடங்களை விட்டுவிட்டேன்.

கொடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நாற்பது பேரை ஓட்டிச் செல்லும் வழிகாட்டி அல்லர் அக்கா. ஒரு நபர் அல்லது ஒரு குடும்பம், காலை முதல் மாலை வரை. அந்த நாள் முழுவதும் அவர்களுக்கே. எங்கள் நகரத்தில் ஒரே பெயர்ப்பலகையில் ஐந்து எழுத்துமுறைகள் இருக்கும். ஒரு தெருவின் தொடக்கத்தில் கேட்ட மொழி அதன் முடிவில் கேட்காது. அக்கா ஏழு மொழிகளில் வழி கேட்பார். கிடைத்த பதில் நான்கு மொழிகளில்தான் புரியும் என்பதை முதல் அரைமணி நேரத்திலேயே பயணியிடம் சொல்லிவிடுவார். மறுநாள் அழைத்துச் செல்லவிருக்கும் பாதையை முந்தின நாள் அதே நேரத்தில் தாமே நடந்து பார்ப்பார். நிழல் எந்தப் பக்கம் விழும், எந்தக் கடைக்காரர் உட்கார இடம் கொடுப்பார், முழங்கால் வலிக்காரருக்கு எத்தனை படிகள் என்பதெல்லாம் அந்த நடையில் முடிவாகும். காலியாக இருக்கும் நாற்காலிகளை இந்த அளவுக்கு நினைவில் வைத்திருப்பவரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஓட்டுநர்கள், வயதில் மூத்தவர்கள் உட்பட, அவரைச் சிக்னல் அக்கா என்றே அழைத்தார்கள். வண்டி சிவப்பு விளக்கில் நிற்கும்போது பயணி சும்மா இருந்தால் கைப்பேசியை எடுப்பார். எடுத்துவிட்டால் அதற்குப் பின் நகரம் அவர் கண்ணில் படாது என்பது அக்காவின் கணிப்பு. ஆகவே ஒவ்வொரு சிக்னலுக்கும், அது நிற்கும் வினாடிகளுக்கு அளவெடுத்துத் தைத்தாற்போல் ஒரு கதை வைத்திருந்தார். அவருடைய வேன் ஓட்டுநருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. எவ்வளவு நெரிசலிலும் ஹாரன் அடிக்கமாட்டார் என்பதால் ஊமை ஹாரன். அக்காவின் கதை முடியாவிட்டால் பச்சை விளக்கே பயந்துகொண்டு வராது என்று அவர் மற்ற ஓட்டுநர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

அந்தக் கதைகளில் ஒன்றைத் தவிர மற்றவை எல்லாம் நூலகத்திலோ, நகராட்சி ஆவணங்களிலோ, அந்தந்த வீட்டாரிடமோ கேட்டுச் சரிபார்த்தவை. அந்த ஒன்றைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

நான்கு பெரிய சாலைகள் கூடும் சந்திப்பில் சிக்னல் நூற்றுப்பத்து வினாடிகள் நிற்கும். இடப்பக்கம் ஒரு மூன்று மாடி வீடு. அதன் முகப்பில் இரண்டு படிக்கட்டுகள். தொழிலுக்கு வந்த முதல் ஆண்டில் ஒரு பயணி, எதற்கு இரண்டு என்று கேட்டார். தெரியாது என்று சொல்ல அப்போது கூச்சம். அக்காளும் தங்கையும் அங்கே வாழ்ந்ததாகவும், ஒருத்தி கால் வைத்த படியில் மற்றவள் கால் வைப்பதில்லை என்று சபதம் செய்து ஆளுக்கொரு படிக்கட்டுக் கட்டிக்கொண்டதாகவும் சொல்லி வைத்தார். பயணி கைதட்டினார். கதை நிலைத்துவிட்டது. பதினோரு ஆண்டுகள் சொன்னார். சொல்லச் சொல்ல அது வளர்ந்தது. அக்காள் பெரிய படிக்கட்டையும் தங்கை சின்ன படிக்கட்டையும் எடுத்துக்கொண்டது எப்படி என்பதற்கும் ஒரு கிளைக்கதை முளைத்தது. பயணிகளில் ஒருவர் ஊர் திரும்பி அதை ஒரு பயணப் பத்திரிகையில் எழுதினார்.

அந்தப் பத்திரிகையைப் படித்துவிட்டு வந்தவர் ஒரு தலைமைச் செவிலியர். வயது ஐம்பத்திரண்டு. வெளிநாட்டில் பிறந்து வளர்ந்தாலும் வீட்டில் பேசிய தமிழ் சுத்தமாக இருந்தது. முகவர் மூலம் மூன்று நாட்களுக்கு அக்காவை அமர்த்தியிருந்தார். பழைய வீடுகள் பார்க்க வேண்டும் என்பதற்கு மேல் முகவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. முதல் நாள் காலை வேன் அந்தச் சந்திப்பில் நின்றது. அக்கா வழக்கம்போல் தொடங்கினார். செவிலியர் இடைமறித்தார்.

"இந்தக் கதை எனக்குத் தெரியும். ரெண்டு படிக்கட்டு, பேசிக்காத அக்கா தங்கச்சின்னு படிச்சதுமே தெரிஞ்சிடுச்சு, இது எங்க அம்மா பொறந்த வீடு. அம்மாவுக்கு எண்பது வயசாயிடுச்சு, இதயம் பாதிதான் வேலை செய்யுது. அவங்க அக்காவோட பேசணுங்கறாங்க. பெரியம்மா இன்னும் மேலதான் இருக்காங்களா?"

பச்சைக்கு இன்னும் நாற்பது வினாடிகள் இருந்தன என்கிறார் ஊமை ஹாரன். அக்காவின் முகத்தைக் கண்ணாடியில் பார்த்ததாகவும், அதன் பிறகு பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியதாகவும் சொன்னார். விசாரித்துச் சொல்கிறேன் என்று சமாளித்திருக்கலாம். வீட்டார் காலி செய்துவிட்டார்கள் என்று இன்னொரு வரி சேர்த்திருக்கலாம். இருபது வினாடிக்குள் முடிந்திருக்கும் வேலை அது. அக்கா சொன்னது வேறு.

"மேடம், அந்தக் கதை நான் கட்டுனது. இந்த வீட்ல யார் இருந்தாங்கன்னே எனக்குத் தெரியாது."

செவிலியர் அந்த வீட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்தாராம். பிறகு கோபத்தைக் காட்டாத குரலில், "தெரியாத மருந்தத் தெரியும்னு சொல்லிக் குடுத்தா எங்கள வீட்டுக்கு அனுப்பிடுவாங்க" என்றார்.

"அனுப்ப வேண்டியதுதான்" என்றார் அக்கா.

பச்சை விழுந்தது. பின்னால் இருந்த வண்டிகள் எல்லாம் ஹாரன் அடித்தன. ஊமை ஹாரன் வேனை ஓரமாக நிறுத்தினார். விடுதிக்குத் திரும்பச் சொன்னார் செவிலியர். நாளைக் காலை அந்த வீட்டு வாசலிலிருந்து கூப்பிடுகிறேன் என்று முந்தின நாள் தம் தாயிடம் வாக்குக் கொடுத்திருந்தாராம். இப்போது என்ன சொல்வது என்பதே அவருடைய கவலை. அக்கா மன்னிப்பை நீட்டிக்கொண்டிருக்கவில்லை. மூன்று நாட்கள் இருக்கின்றன, அம்மா அந்த வீட்டைப் பற்றி என்னென்ன சொல்லியிருக்கிறாரோ அத்தனையையும் சொல்லுங்கள், நான் ஒரு வார்த்தையும் சேர்க்கமாட்டேன் என்றார். செவிலியர் கைப்பையிலிருந்து ஒரு சிறு புகைப்படத்தை எடுத்தார். பாவாடை தாவணியில் இரண்டு பெண்கள், ஒரு படிக்கட்டின் அடியில்.

முதலில் அந்த மூன்று மாடி வீட்டிலேயே விசாரித்தார்கள். இரண்டாவது படிக்கட்டு, தீ விபத்துக்கான விதியின்படி முப்பது ஆண்டுகளுக்கு முன் கட்டியது என்று காவலாளி சொன்னார். பதினோரு ஆண்டுகளில் ஒருமுறை வண்டியை விட்டு இறங்கியிருந்தால் ஒரு நிமிடத்தில் கிடைத்திருக்கக்கூடிய விவரம். அக்கா அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

தாயின் நினைவில் இருந்தவை நான்கு. வீட்டுக்குள்ளே முன்பக்கம் ஓர் அகலமான படிக்கட்டு, பின்பக்கம் ஒரு குறுகலான படிக்கட்டு. கீழ்த்தளத்தில் அச்சகம், இயந்திரம் ஓடினால் மாடியில் தண்ணீர்ச் செம்பு ஆடும். மொட்டை மாடியிலிருந்து ரயில் நிலையத்துக் கடிகாரத்தின் பின்புறம் மட்டும் தெரியும், மணி தெரியாது. அக்காள் சட்டைக் காலர் தைப்பவர். தெருவின் பெயர் நினைவில்லை. இருந்தாலும் பயன்பட்டிருக்காது, பாதித் தெருக்களின் பெயர்கள் மாறிவிட்டன.

கடிகாரத்துக்குப் பின்பக்கமாக விரியும் பழைய பகுதியில் அன்று முழுவதும் நடந்தார்கள். காகித வியாபாரிகள் தெரு, பொற்கொல்லர் சந்து, பூட்டு சாவிக்காரர்கள், நான்கு மதத்தாரின் வழிபாட்டிடங்கள் அடுத்தடுத்து நிற்கும் நீளத் தெரு. ஒவ்வொரு காவலாளியிடமும் அவரவர் மொழியில் அக்கா கேட்ட கேள்வி ஒன்றுதான்: இங்கே ரொம்ப நாளாக இருப்பவர் யார்? இரண்டு படிக்கட்டு உள்ள வீடுகள் ஒன்பது கிடைத்தன. ஒன்பதும் இல்லை. செவிலியரின் முழங்கால் வீங்கியது. கூப்பிட்ட தாயிடம், தேடிக்கொண்டிருக்கிறோம் என்று மட்டும் சொல்ல முடிந்தது.

அன்று மாலை அக்கா வீட்டுக்கு வந்து, முதல் வேலையாக அந்தப் பத்திரிகைக்குத் திருத்தம் எழுதினார். அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் படித்தார். கேலி செய்யாமல் அவரால் இருக்கமுடியாது.

"கதைல ஒரு வீட்ட ரெண்டாப் பிரிச்ச. இப்ப ஊரையே தலைகீழாப் பெரட்டுற."

"சிரிக்காதீங்க. அந்தம்மா முகத்தப் பாத்திருந்தா சிரிக்க மாட்டீங்க."

அத்தான் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, தேடும் முறையே தவறு என்றார். அடுத்து அவர் சொன்னது, முப்பது ஆண்டுகள் லிஃப்ட் குழிக்குள் நின்று வேலை பார்த்த ஒருவர் மட்டுமே சொல்லக்கூடியது.

"பழைய வீட்ல லிஃப்டுக்கு எங்க எடம்? ரெண்டு படிக்கட்டு இருந்தா ஒண்ண இடிச்சிட்டு அங்கதான் எறக்குவோம். நீ ஒரு படிக்கட்டும் ஒரு லிஃப்டும் இருக்கிற வீட்டத் தேடு. குழிக்குள்ள செவுத்தப் பாத்தா பழைய படி இருந்த தடம் ரம்பப் பல்லு மாதிரி ஏறிக்கிட்டே போகும்."

பராமரிப்புப் பதிவேட்டைப் புரட்டி, கடிகாரத்தைச் சுற்றிய பகுதியில் அப்படிப்பட்ட பதினொரு முகவரிகளை எழுதிக் கொடுத்தார். மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு தாமும் வேனில் ஏறினார். முன்னிருக்கையில் உட்கார்ந்து, எந்த லிஃப்ட் எந்த மாடியில் இருமும் என்று ஊமை ஹாரனுக்குச் சொல்லிக்கொண்டே வந்தாராம்.

இரண்டாம் நாளில் ஆறு வீடுகள். நான்கில் ரம்பப்பல் தடம் இருந்தது. அச்சகம் இருந்ததாக யாருக்கும் தெரியவில்லை. ஓரிடத்தில் கீழ்த்தளக் கடைக்காரர், அச்சகமா, இருந்ததே என்று ஆர்வமாகத் தலையாட்டினார். செவிலியர் படியேறத் தொடங்கிவிட்டார். அக்கா அவரை நிறுத்தி, கடைக்காரரிடம் இன்னும் மூன்று கேள்விகள் கேட்டார். சலவைக்கடை இருந்ததா என்றாலும், குதிரை லாயம் இருந்ததா என்றாலும் அவர் அதே ஆர்வத்தோடு தலையாட்டினார். வந்தவர் மனம் நோகக்கூடாது என்று நினைக்கும் மனிதர். தாமும் ஒரு காலத்தில் இவரைப் போலத்தான் இருந்தோம் என்று அக்கா அன்று செவிலியரிடம் சொன்னாராம். செவிலியர் முதன்முறையாகச் சிரித்தார். அதன்பின் மேடம் போய், இருவரும் ஒருவரையொருவர் அக்கா என்று அழைக்கத் தொடங்கினார்கள். யார் மூத்தவர் என்று கணக்குப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் மாலை ஆறு மணிக்கு விமானம். காலையில் இரண்டு வீடுகள் பார்த்தார்கள், இல்லை. பட்டியலில் ஒன்பதாவது, பூட்டுக்காரர்கள் தெருவின் வளைவில் நின்ற நான்கு மாடி வீடு. கீழே கைப்பேசி விற்கும் கடை. அத்தான் லிஃப்ட் கதவை அரையடி திறந்து கைவிளக்கை அடித்தார். சுவரில் தடம் ஏறிப் போயிற்று. அக்கா கடைக்குள் போய், தரையில் விரித்திருந்த பிளாஸ்டிக் விரிப்பைக் கொஞ்சம் விலக்கிப் பார்க்க அனுமதி கேட்டார். நான்கு மூலைக்கு நான்காக, சிமெண்ட் அடைத்த போல்ட் துளைகள். கனமான இயந்திரம் ஒன்றை இறுக்கிய இடம். மொட்டை மாடிக்கு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்த ஊமை ஹாரன், கடிகாரத்தின் முதுகு தெரிகிறது, முள் தெரியவில்லை என்றார்.

அப்போதும் அக்கா, இதுதான் என்று சொல்லவில்லை. நான்கில் மூன்று சரியாக இருக்கிறது, நான்காவதை மேலே போய்க் கேட்போம் என்றார். அந்த இடத்தில் அவர் காட்டிய நிதானத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். மற்ற மூவருக்கும் அது பொறுக்கவில்லை என்றும் எழுதவேண்டும்.

மூன்றாவது மாடியில் கதவைத் திறந்தவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். வயது எண்பத்து நான்கு என்று பிறகு தெரிந்தது. விரலில் தையற்காரர் அணியும் உலோக உறை. செவிலியர் புகைப்படத்தை நீட்டினார். அந்த அம்மாள் படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு செவிலியரின் காலைப் பார்த்தார்.

"காலு இப்படி வீங்கியிருக்கு, நின்னுக்கிட்டே இருக்கியே. உள்ள வந்து உக்காரு. உங்கம்மாவும் இப்படித்தான், சொன்னாத்தான் உக்காருவா."

உள்ளே போனபின் செவிலியர் கேட்ட முதல் கேள்வி, இருவரும் எதற்காகப் பேசாமல் போனீர்கள் என்பது. பெரியம்மா விரலில் இருந்த உறையைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"அது எங்க ரெண்டு பேருக்குள்ள. உனக்கு எதுக்கு? நம்பரப் போடு."

செவிலியர் எண்ணை அழுத்தினார். அக்கா அத்தானையும் ஊமை ஹாரனையும் கண்ணால் அழைத்துக்கொண்டு வெளியே வந்து, படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டார். கதவு சாத்தியிருந்தது. என்ன பேசினார்கள் என்று மூவருக்கும் தெரியாது. பேச்சு நின்ற காரணத்தைப் பின்னாளில் செவிலியர் அறிந்துகொண்டாரா என்பதும் தெரியாது. அக்கா கேட்கவில்லை, நானும் அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். அவ்வளவு நல்ல இடம் கதை கட்டக் கிடைத்தும் அதன்மேல் ஒரு வரிகூட அக்கா கட்டவில்லை.

அழைப்பு ஐம்பது நிமிடங்கள் நீடித்தது. விமானத்துக்கு நேரமாகிறது என்று சொல்ல மூவரில் ஒருவரும் எழவில்லை.

அந்தச் சகோதரிகள் அதற்கு முன் பேசி ஐம்பத்து மூன்று ஆண்டுகள், இரண்டு மாதங்கள்.