போய்ச் சேர்ந்ததும் ஒரு மிஸ்டு கால்

விராலிமலை முக்கில் இளநீர் விற்கும் அமிர்தவல்லி அக்காவிடம்தான் இந்தச் சாலையில் பர்ஸைத் தொலைத்தவர்கள் எல்லாரும் வந்து நிற்பார்கள். என் கண்ணெதிரே மட்டும் பதினோரு பேர். "மலைக்கு வந்தேங்க, கூட்டத்துல அடிச்சிட்டாங்க, மதுரைக்குப் போகணும்" என்பார்கள். அக்கா அரிவாளை வைத்துவிட்டு பஸ் காசை எடுத்துக் கொடுப்பார். ஒரு அட்டைத் துண்டில் தன் நம்பரையும் எழுதிக் கொடுப்பார்.

"வீடு போய்ச் சேந்ததும் ஒரு மிஸ்டு கால் குடுங்க. நானே திருப்பிக் கூப்புடுறேன். ஒங்களுக்குக் காசு ஆகாது."

யாரும் கொடுத்ததில்லை.

எங்கள் வீட்டில் முதலில் டிகிரி வாங்கியவன் நான். போட்டித் தேர்வுப் பயிற்சிக்காகத் தினமும் அங்கேதான் திருச்சி பஸ்ஸுக்கு நிற்பேன். அவர்களில் மதுரைக்குக் காசு வாங்கிய ஒரு நீலச்சட்டைக்காரரை அடுத்த வாரமே திருச்சி பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். கும்பகோணம் போகக் காசு கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் காலை முதல் வேலையாக அக்காவிடம் சொன்னேன்.

"மதுரைக்குக் கும்பகோணம் வழியாவா போறாரு?" என்று சிரித்தார். பிறகு, "ஆளு நல்லாத்தான இருக்காரு?" என்றார்.

"ஏமாத்துறாங்கக்கா. வெயில்ல நின்னு சம்பாரிக்கிற காசு."

அன்றைக்குத்தான் தன் தம்பி ராக்கனைப் பற்றிச் சொன்னார். போர் வண்டியில் ஆழ்துளைக் கிணறு போடும் வேலைக்கு வடக்கே போனவன். எட்டு வருடத்துக்கு முன், நாக்பூர் ஸ்டேஷனில் யாரோ ஒருவரின் போனை வாங்கிப் பேசியிருக்கிறான். "அக்கா, பையத் தூக்கிட்டானுங்க. டிக்கெட்டுக்கு ஆளாளுக்குக் கேட்டுக்கிட்டு நிக்கிறேன். கெடச்சதும் ஏறிருவேன்." அவ்வளவுதான். திருப்பிக் கூப்பிட்டால் அந்த மனிதர் இந்தியில் ஏதோ சொன்னார். அக்காவுக்குப் புரியவில்லை. போலீஸில் எழுதிக் கொடுத்தும் தகவல் இல்லை.

"இவன் பொய் சொல்றான்னு அங்க எத்தன பேரு தள்ளிப் போயிருப்பாங்க? நீ அங்க நின்னுருந்தா குடுத்திருப்பியா தம்பி?"

பஸ் வந்தது. ஏறிவிட்டேன். கொடுத்திருக்க மாட்டேன்.

அதற்குப் பிறகுதான் அக்காவின் போனைக் கவனிக்க ஆரம்பித்தேன். அடித்தால், பாதி சீவிய காயை அப்படியே போட்டுவிட்டு ஓடுவார். பெரும்பாலும் லோன் வேண்டுமா என்று கேட்கும் குரலாக இருக்கும். "வேணாம்மா" என்று சொல்லிவிட்டு, வைத்த பிறகும் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருப்பார்.

போன மாதம் திருச்சியில் ஒரு சிம் வாங்கினேன். எதற்கென்று என்னையே கேட்டுக்கொள்ளவில்லை. அதிலிருந்து அக்காவுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தேன். மூச்சு விடுவதற்குள் திரும்ப அடித்தது.

"சேந்துட்டீங்களா?"

கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு, "சேந்துட்டேங்க" என்றேன்.

"வீட்ல ஆளு இருக்காங்களா? சோறு தின்னீங்களா?"

"ம்."

"சரிங்க, சரிங்க. படுங்க" என்றார். அப்போது மத்தியானம் மூன்று மணி.

மறுநாள் நான் கேட்காமலே ஒரு காயைச் சீவி நீட்டினார். காசு வாங்கவில்லை. எந்தப் பொய்யுமே சொல்லாத ஆள் போல அவர் எதிரில் நின்று குடித்தேன். அவர் தன் பட்டன் போனை என்னிடம் தந்தார்.

"ஒருத்தரு கூப்புட்டாரு தம்பி. இந்த நம்பரப் பதிஞ்சு குடு. எனக்கு இந்த எழவு தெரியாது."

என் நம்பரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். "என்ன பேருக்கா போட?"

"கேக்க மறந்துட்டேனே." ரோட்டைப் பார்த்தார். "ராக்கன்னு போடு."

போட்டுக் கொடுத்தேன்.

அந்த சிம்முக்கு நாளையோடு கெடு முடிகிறது. காலையிலிருந்து ரீசார்ஜ் கடை வாசலைத் தாண்டிப் போவதும் திரும்புவதுமாக இருந்தேன். இப்போதுதான் பணம் கட்டிவிட்டு வந்தேன்.