துண்டுக்குள் பேரம்

நடந்தது நிஜம். சந்தேகமா? சாத்தூர்ப் பட்டாசு ஏஜெண்டு முத்துக்கிருஷ்ணனை வலது கையை நீட்டச் சொல்லுங்கள். நீட்ட மாட்டார்.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம், கவர்னர் வந்து தேநீர் குடித்த பழைய பங்களா விலைக்கு வந்தது. ஐந்து கோடி என்றார் கிழவர் ஜெபசுந்தர். அதை இரண்டுக்கு அமுக்க வந்தவர் முத்துக்கிருஷ்ணன். இடித்துத் தேக்கை விற்றாலே ஒரு கோடி திரும்பிவிடும்.

அமுக்க ஆயுதமும் இருந்தது. கிழவரின் அப்பா காலத்தில் பின்கட்டில் தீப்பெட்டி ஒட்டினார்கள். வேலைப் பிள்ளைகள் ஓடிவிடாதிருக்க வெளித் தாழ்ப்பாள். ஒரு மதியம் மணி 12.10-க்குத் தீ. ஏழு பிள்ளைகள்.

"பிள்ளைக வெந்த வீட்டை எவன் அஞ்சுக்கு எடுப்பான்? தலைக்கு இம்புட்டுன்னு கழிங்க அண்ணாச்சி!" என்று சிரித்தார் முத்துக்கிருஷ்ணன்.

கிழவர் நாற்காலியில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த வெயிலிலும் உடம்பு முழுக்கப் போர்வை.

புரோக்கர் பாண்டி காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். விலை தெரிந்தால் கமிஷனை ஏற்றுவான். முத்துக்கிருஷ்ணன் மாட்டுச் சந்தை வழக்கப்படி கிழவர் மடியில் துண்டை விரித்தார். உள்ளே விரலைப் பிடித்துப் பேரம். விரலுக்கு ஒரு கோடி. படிந்ததும் துண்டை உதறி எடுக்க வேண்டும்.

"அது எனக்குத் தோதுப்படாது தம்பி."

"கூச்சப்படாதீக!"

மணி 12.10.

துண்டுக்குள் ஒரு கை வந்தது. கொதித்தது. முத்துக்கிருஷ்ணன் இரண்டு விரலைப் பிடித்தார்.

விரல்கள்... சின்னதாக இருந்தன.

கிழவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்கட்டில் சத்தம். தட்... தட்... உள்ளங்கையால் கதவை அடிப்பதுபோல. கருகிய தீக்குச்சி மருந்து வாடை.

இன்னொரு கை பிடித்தது.

இன்னொன்று...

வியாபாரி அல்லவா, எண்ணினார். பதினைந்து விரல். இருபது...

"விடுங்க அண்ணாச்சி!"

"நான் எங்க தம்பி பிடிச்சேன்?"

உருவிக்கொண்டு ஓடினார். துண்டு அங்கேயே கிடந்தது.

மறுநாள் விடிந்தபோது வலது கை மூடியிருந்தது. எதையோ பிடித்தபடி. மதுரையில் மூன்று டாக்டர்கள் பார்த்தார்கள். திறக்கவில்லை.

சண்டை போடக் கிழவருக்குப் போன் அடித்தார். எடுத்தது மகள், நர்ஸ் கிருபா.

"அப்பா பிடிச்சாகளா? அந்தத் தீயில பழுக்கக் காய்ஞ்ச தாழ்ப்பாளைத் தொறக்கப் போயி, எட்டு வயசுலேயே ரெண்டு கையிலயும் விரல் போச்சே. அதுக்குத்தான் போர்வை."

முத்துக்கிருஷ்ணன் மூடிய கையைச் சட்டைக்குள் மறைத்தார்.

"அந்தத் துண்டை எடுக்க வருவீகளா? அப்பா எந்திரிச்ச பெறகும் நாற்காலியை விட்டு வரமாட்டேங்குது. இழுத்தா... உள்ளயிருந்து இழுக்குது."

பங்களா இன்னும் விலைக்குத்தான் இருக்கிறது. துண்டும் அங்கேதான்.

போனால், விலையை வாயால் கேளுங்கள்.