நாலாவது சுற்று

அந்த வீட்டில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது ஜெர்சி அக்காதான். பின்வாசலில் பதினோரு தொட்டிகள். வாளியிலிருந்து குவளையால் மொண்டு மொண்டு ஊற்றுவாள். பன்னிரண்டு வருடம் ஒரு கால்பந்து மைதானத்தையே நீர் காட்டி வளர்த்த அவள் வீட்டுக்காரர் குவளையைத் தொடமாட்டார். ஜன்னலுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் மட்டும் வரும்.

“போதும் போதும். வேர் அழுகிடும்.”

“இப்பதாங்க மண்ணே நனைஞ்சிருக்கு.”

“போதும்ங்கறேன்ல.”

தொட்டி பாதி காய்ந்திருக்கும்போதே அடுத்த தொட்டிக்குப் போவாள். பத்தொன்பது வருடமாக இந்த வீட்டுச் செடிகள் அரைத் தாகத்தில்தான் வளர்கின்றன. அதற்குக் காரணம் அவர் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். காரணம் தான்தான் என்பது அவளுக்குத் தெரியும்.

கல்யாணமாகி வந்த மூன்றாம் மாதமே அவளுக்கும் அந்த மைதானத்துக் கிளப்பில் வேலை கிடைத்தது. துணி துவைப்பது, பூட்ஸ் பார்ப்பது. ஓர் ஆட்டத்துக்குப் பதினெட்டு ஜெர்சி, பதினெட்டு கால்சட்டை, முப்பத்தாறு காலுறை. முப்பத்தாறும் ஜோடி பிரியாமல் திரும்பி வந்த நாள் ஒன்றுகூட இல்லை. எண்ணைப் பார்க்காமல் அழுக்கை வைத்தே ஜெர்சி யாருடையது என்று சொல்லிவிடுவாள். கோல்கீப்பருக்கு முழங்கையில் சேறு, தடுப்பாட்டக்காரர்களுக்கு இடுப்பில். கோல் போடுகிறவனுக்கு நெஞ்சில், அவன் கோல் போட்டதும் குப்புற விழுந்து சறுக்கிக் கொண்டாடுகிற ரகம். தபால்காரன் என்று எல்லாரும் கூப்பிடுகிறவனின் ஜெர்சியில் மட்டும் வியர்வை இருக்கும், சேறு இருக்காது. அவன் விழுந்து அவள் பார்த்ததில்லை.

நடுக்களத்தில் ஆடுகிறவன் அவன். எங்கே நின்று உதைத்தாலும் பந்து யாருக்குப் போக வேண்டுமோ அவன் காலடியில் போய் நிற்கும். அதனால்தான் கேலரி அவனுக்கு அந்தப் பெயரை வைத்தது. மற்றவர்கள் பூட்ஸை வாசலிலிருந்தே எறிவார்கள். அவன் மட்டும் மண்ணைத் தட்டி, கயிற்றைத் தளர்த்தி, கையில் கொண்டுவந்து கொடுப்பான். திரும்ப வாங்கும்போது புரட்டிப் பார்க்கமாட்டான். “அக்கா கை பட்டா சரியாத்தான் இருக்கும்” என்பான். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவன் ஜோடியை அவள் முதலில் எடுப்பாள்.

முதலில் எடுத்ததுதான் வினையாயிற்று.

பூட்ஸின் அடியில் திருகி மாட்டுகிற ஸ்டட்டில் இரண்டு தினுசு உண்டு. தரை காய்ந்திருந்தால் குட்டை, ஈரமாக இருந்தால் நெட்டை. அந்த வருடக் கோப்பையின் கடைசி ஆட்டத்துக்கு முந்தின நாள், தரை காய்ந்துதான் இருந்தது. தபால்காரனின் ஜோடிக்குக் குட்டை ஸ்டட் மாட்டி, துடைத்து, கயிறு கோத்து, அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டாள். மறுநாள் காலையில் வீட்டுக்காரர் கால்சட்டையெல்லாம் நனைந்து வந்தார். பந்து வேகமாக ஓடட்டும் என்று கிளப் செயலாளர் புல்லை நனைக்கச் சொல்லியிருந்தார்.

“மூணு சுத்து தண்ணி விட்டிருக்கேன். எல்லாருக்கும் நெட்டை மாட்டிடு.”

“சரிங்க” என்றவள் இரண்டாவது ஜோடியிலிருந்து ஆரம்பித்தாள். முதல் ஜோடிதான் முடிந்துவிட்டதே. கை பழக்கத்துக்கு ஓடியது.

முதல் பாதியில் அவன் இரண்டு தடவை சறுக்கினான். கேலரி சிரித்தது, அவளும் சிரித்தாள். ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது நடுக்களத்தில் திரும்பியவனின் இடது கால் வழுக்கிப் போயிற்று. தொப்பென்று உட்கார்ந்தான். உட்கார்ந்த இடத்திலிருந்தே, வந்த பந்தை வலது காலால் தள்ளினான். அது நாலைந்து பேரின் கால்களுக்கு நடுவே புகுந்து ஓடி, ஓரத்தில் நின்றவனிடம் சேர்ந்தது. கோல். கோப்பை. அவன் எழுந்திருக்கவே இல்லை. வேடிக்கைக்கு உட்கார்ந்திருக்கிறான் என்றுதான் ஊரே நினைத்தது. முழங்கால் ஜவ்வு கிழிந்திருந்தது. அதற்குப் பிறகு அவன் ஓர் ஆட்டமும் ஆடவில்லை.

சாயங்காலம் சாக்கிலிருந்து பூட்ஸைக் கொட்டியபோதுதான் பார்த்தாள். மற்ற ஜோடிகள் எல்லாம் நெட்டை, ஒன்று மட்டும் குட்டை. கதவைச் சாத்தினாள். ஸ்டட் திருகுகிற சாவியை எடுத்து, இரண்டு பூட்ஸிலும் இருந்த பன்னிரண்டையும் கழற்றி, நெட்டையை மாட்டி, அதன்மேல் கொஞ்சம் சேற்றையும் அப்பினாள். அந்தச் சேற்றை நினைத்தால் இப்போதும் அவளுக்கு உடம்பு கூசும்.

மறுநாள் டாக்டரும் செயலாளரும் பூட்ஸைப் பார்த்தார்கள். சரியாக இருந்தது. பழி தண்ணீருக்குப் போயிற்று. “எத்தனை சுத்து விட்டே?” என்று வீட்டுக்காரரைக் கேட்டார்கள். மூணு என்றார். நன்றாக யோசித்துச் சொல்லச் சொன்னார்கள். மூன்றாவது தடவை கேட்டபோது, “நாலா இருக்கும் சார்” என்றார். அவரைப் புல்லிலிருந்து எடுத்து, டிக்கெட் கிழிக்க வாசலில் போட்டார்கள். ஓய்வு பெறுகிறவரை அங்கேயேதான்.

முதல் நாள் சொல்லாததற்குப் பயம் காரணம். இரண்டு பேர் வேலையும் போய்விடும், வீடும் கிளப் கொடுத்தது. பிறகு நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினாள். சொல்லாத ஒவ்வொரு வருடமும், சொல்லாததற்கும் சேர்த்துச் சொல்ல வேண்டியதாகிக்கொண்டே போனது.

இந்த வருடம் ஒருநாள் மத்தியானம் சலூன்காரர் வந்தார். ரசிகர்கள் சேர்ந்து தபால்காரனைப் பற்றி ஒரு மலர் போடுகிறார்கள். நினைவுகளைச் சேகரிக்கிற பொறுப்பு அவருக்கு. முடி வெட்டும்போது ஒருத்தரும் தப்பி ஓட முடியாது என்பதால் கொடுத்திருப்பார்கள். செல்போனை மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

“அக்கா, நம்ம கண்டக்டர் சொன்னதைக் கேளுங்க. ஒரு ஆட்டத்துல தபால்காரன் குடுத்த பாஸைப் பாத்து மனுஷன் மெய்மறந்து ரெண்டு விசில் அடிச்சுட்டாராம். நடுவர் ஊதிட்டாருன்னு ரெண்டு டீமும் நின்னுடுச்சு. கேலரில இருக்கறவன் எல்லாம் அவரை அடிக்காத குறை!”

அவள் சிரித்தாள். வீட்டுக்காரர் செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்கவில்லை.

“அப்புறம் அந்த பேங்க்காரர். ஒரு தடவை பந்து அவர் மடியில வந்து விழுந்துச்சாம். எடுக்க வந்த தபால்காரன் என்ன கேட்டான் தெரியுமா? ‘கையெழுத்துப் போட்டீங்களா சார்? பதிவுத் தபாலாச்சே!’ன்னான். இன்னிக்கும் அந்த பேண்டைத் துவைக்கலையாம்.”

“துவைக்காட்டி நாறும்” என்றாள்.

“அதான் அக்கா, நானும் சொன்னேன். சரி, இதைக் கேளுங்க. நேத்து தபால்காரனே பேசி அனுப்பியிருக்கான்.” செல்போனைத் தட்டினார்.

பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு அந்தக் குரல். கொஞ்சம் கரகரப்பு ஏறியிருந்தது, சிரிப்பு மட்டும் மாறவில்லை.

“அக்கா நல்லாயிருக்காங்களா? என் பூட்ஸ் அவங்க கையில குழந்தை மாதிரி இருந்துச்சு. மைதானத்து அண்ணன்கிட்ட சொல்லுங்க, எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. அவரு நாலு சுத்து விட்டாரு, நான் உக்காந்தேன், கோப்பை வந்துச்சு. ஒரு சுத்து கொறச்சிருந்தா நான் ஒழுங்கா நின்னு ஆடியிருப்பேன், தோத்திருப்போம்! இப்பவும் மாடிப்படி ஏறும்போதெல்லாம் அண்ணனைத்தான் நினைச்சுப்பேன்.”

சலூன்காரர் தொடையைத் தட்டிச் சிரித்தார். “அண்ணே, ஞாயித்துக்கிழமை வரேன். கையில ஓஸ் பைப்பைப் பிடிச்ச மாதிரி ஒரு போட்டோ. கீழ, ‘கோப்பைக்குத் தண்ணீர் ஊற்றியவர்’னு போடறோம்.”

அவர் செய்தித்தாளை மடித்தார். “வேண்டாம்ப்பா.”

“என்னண்ணே, வெக்கப்படறீங்களா?”

“ஒருத்தன் காலை ஒடிச்சதுக்குப் போட்டோவா?”

சலூன்காரருக்குச் சிரிப்பு பாதியில் நின்றது. சமாளித்துக்கொண்டு, செல்போனில் பதிவை அழுத்திவிட்டு அவள் பக்கம் திரும்பினார். “அக்கா, நீங்க ஒண்ணு சொல்லுங்க. உங்களுக்குத் தெரிஞ்சது வேற யாருக்கும் தெரியாது.”

அவள் வாயைத் திறந்தாள். செல்போனில் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.

“அவன் ஜெர்சில சேறே இருக்காது” என்றாள். “வியர்வை மட்டுந்தான்.”

“ஆகா! சேறு படாத ஜெர்சி! தலைப்பே கிடைச்சிடுச்சு” என்று சந்தோஷமாகச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார் அவர்.

கதவைச் சாத்திவிட்டு அவள் அங்கேயே நின்றாள். மின்விசிறிக் காற்றில் மடித்த செய்தித்தாளின் ஓரம் படபடத்தது.

“ஏங்க.”

“ம்.”

“அவன் விழுந்தது தண்ணியால இல்ல.”

அவர் நிமிர்ந்தார்.

“அவன் பூட்ஸ்ல குட்டை ஸ்டட் இருந்துச்சு. நான் மாத்தல.”

“எல்லாருக்கும் மாத்தச் சொன்னேனே.”

“அவனுக்கு முந்தின நாளே மாட்டி வெச்சிருந்தேன். முடிஞ்சதுன்னு விட்டுட்டேன்.”

“டாக்டர் பாத்தப்போ நெட்டைதானே இருந்துச்சு?”

“அதுக்குள்ள மாத்திட்டேன். கதவைச் சாத்திக்கிட்டு.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். வலது கை விரல்களைப் பார்த்தபடி, அவளிடம் என்றில்லாமல் பேசினார்.

“ஒண்ணு, கேலரிப் பக்கத்துலேர்ந்து ஆரம்பிச்சேன். வெயில் ஏறல. ரெண்டாவது சுத்துல செயலாளர் வந்து நின்னு பாத்துட்டுப் போனாரு. மூணாவதுல பைப்பு முறுக்கிக்கிச்சு. ஓடிப்போய் எடுத்துவிட்டேன், கால்சட்டையெல்லாம் நனைஞ்சிடுச்சு.” நாலாவது விரல் மடங்காமல் நின்றது. “நாலாவது சுத்து மட்டும் ஞாபகமே வரல. இத்தனை வருஷமா யோசிக்கிறேன். எங்க ஆரம்பிச்சேன், யாரு இருந்தா, ஒண்ணுமே வரல. வயசாயிடுச்சு, மறந்துட்டேன்னு நினைச்சேன்.”

அவள் ஓரடி கிட்டே வந்தாள். மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

“அவனுக்கு நானே போன் பண்ணிச் சொல்றேன். சலூன்காரர்கிட்டயும் சொல்றேன், அப்படியே போடட்டும்.”

அவர் எழுந்தார். கண்ணாடியை மேசைமேல் வைத்தார். ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, பித்தான்களைக் கீழிருந்து ஒவ்வொன்றாக மாட்டினார்.

“திட்டவாவது செய்யுங்களேன்.”

கடைசிப் பித்தானையும் மாட்டினார்.

“சாப்பிட வந்துடுவீங்கல்ல?”

அவர் பின்வாசலில் பாதி காய்ந்து நின்ற தொட்டிகளை ஒரு தடவை பார்த்தார். பிறகு முன்கதவைத் திறந்து வெளியே போனார்.